நாலு மணி டீக்கு மீன் கட்லெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பங்களாவுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இந்த வயதிலும் எனக்குத் தடுமாற்றம். புள்ளி விட்டுப் போயிருந்தால் நீங்களே வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். மன்னிக்கவும்.

எழுத வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒவ்வொரு தடவையும் கட்லெட்டின் எண்ணிக்கை கூடுகிறது. நான் சுட்டது பன்னிரண்டு. நேரில் மறுத்துப் பேச எனக்கு வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பங்களாவுக்குச் சமைக்கிறேன். பழம் பறிக்கத்தான் முதலில் போனேன். பதினெட்டு வயதில் முதலாளியம்மா என்னைச் சமையல்கட்டுக்கு மாற்றினார். கைப்பக்குவம் பார்த்து மாற்றவில்லை, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பதற்காக மாற்றினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பங்களாவில் நடப்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் லைனுக்குப் போகக் கூடாதாம்.

மலைக்கு மீன் சேலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வர வேண்டும். வந்து சேரும்போது கண் வெளுத்துப்போயிருக்கும். அதனால் பங்களா ஸ்டோரில் எப்போதும் டின் மீன் இருக்கும். முதலாளி குடும்பம் வந்து தங்கும் நாட்களில், சாயங்காலம் நாலு மணி டீயோடு அந்த டின் மீனில் கட்லெட் போட வேண்டும். நான் பழகிய முதல் பலகாரம் அதுதான். முதல் தடவை ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. எல்லாம் தோசைக்கல்லில் பிரிந்து பொடிமாஸ் ஆகிவிட்டது. முதலாளியம்மா அதையும் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இருபத்தைந்து வருடமாக நாலு மணி ஆனால் கை தானாக அந்த வேலைக்குப் போகும்.

இனி என் கல்யாண விஷயம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா அம்மா இருவரும் இல்லை. பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான் வந்தது. மலை மேல் பெண் கொடுக்க மாட்டோம், அதிலும் லைன் வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். டிரைவர் விடவில்லை. அடிவாரத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்யும் பெண், முப்பத்தேழு வயது, படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லி, என்னை அங்கே கோயிலுக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பெண் தன் அண்ணனோடு வந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் கேட்டார்.

"மலையில நொம்பக் குளிருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

ஒரு மாதத்தில் பழகிவிடும், கம்பளி நான் வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்ல இருந்தது. வரவில்லை. திரும்பும்போது ஜீப்பில் டிரைவர், "அந்தப் புள்ள குளிருதான்னு கேட்டா, குளிரைத் தவிர ஒண்ணுமில்லைங்கற மாதிரி சொல்லிட்டு வர்றியே" என்று திட்டினார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பெண் அமைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இதற்கு முன் நான் நினைத்ததில்லை.

பத்து நாள் கழித்து, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டிலிருந்து என் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மலையேறி வந்து என் வீட்டைப் பார்ப்பதாகச் சொன்ன முதல் குடும்பம் அது.

எங்கள் ஜனங்களில் ஒரு பழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, கை கழுவி உட்கார்ந்து சோறு சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். அதற்குக் கணக்கில்லை. கறி மீன் என்றால் கல்யாணம் முடிந்து விருந்துக்குத்தான். பேச்சு நடக்கிற அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பில் கவிச்சியே ஏறக் கூடாது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அது நன்றாகத் தெரிந்தவன் செய்த காரியம்தான் இது.

பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பலகாரம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அக்கா, கரடியூரில் ஒரு சாவு என்று விடிகாலையிலேயே போய்விட்டது. நான் மலைவாழைப்பழமும் மிக்சரும் வாங்கி வைத்திருந்தேன். வீட்டைக் கூட்டி, சாணம் போட முடியாத சிமெண்டு வாசல் என்பதால் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று நாலு உருளைக்கிழங்கை வேகவைத்தேன். பிறகு உட்கார்ந்திருந்தேன்.

மழை பெய்து மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது. பஸ் கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது. டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் அவர்களைக் கூட்டி வந்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. பெண்ணின் அண்ணனும் சின்னம்மாவும் வந்திருந்தார்கள். பெண் வரவில்லை. வீடு பார்க்கப் பெண் வருவதில்லை.

சின்னம்மா உள்ளே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சக்கரை சாமி எனக்கு. காலைல மாத்திரை போட்டுட்டு ரெண்டு இட்டிலி தின்னதுதான். கையைப் பாரு, டைப் அடிக்கற மாதிரி ஆடுது."

சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தேன். குடித்ததும் நடுக்கம் கொஞ்சம் நின்றது. ஆனால் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும் என்றார். வாழைப்பழம் ஒன்று சாப்பிட்டார். மிக்சர் பல்லுக்கு ஆகாது என்றார். அண்ணனும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவர் மிக்சர் தட்டைக் காலி செய்த வேகத்திலேயே தெரிந்தது.

"சோறு வடிக்கட்டுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாங்க. பேச்சு முடியட்டும்" என்றார் அண்ணன், சட்டென்று.

சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். ரவை இல்லை, மாவு இல்லை. கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். இருந்ததெல்லாம் வேகவைத்த கிழங்கு, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சை, இரண்டு முட்டை, ஒரு பாக்கெட் ரஸ்க். பங்களாவில் தங்கிப்போன விருந்தாளிகள் கொடுத்த இரண்டு டின்களும் அலமாரியில் இருந்தன. மணி மூன்றரை. என் கை தானாக டின்னை எடுத்தது.

இந்த இடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. எடுத்தது மீன் என்று என் மனதில் படவே இல்லை. சோறு இல்லை, இலை இல்லை, நாலு மணி டீயோடு கொடுக்கிற பலகாரம், பழக்கத்துக்கும் குறுக்கே நிற்காது, வயிறும் நிறையும் என்றுதான் தோன்றியது. நல்ல யோசனை என்று எனக்கு நானே சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

கட்லெட் கல்லில் உடைவதற்குக் காரணம் ஈரம். டின்னைத் திறந்ததும் வடிகட்டியில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தி, எண்ணெயும் தண்ணீரும் சொட்டு நிற்கும்வரை வடித்தேன். கிழங்கு ஆறியிருக்க வேண்டும். சூடான கிழங்கு பிசைந்தால் பசையாகிவிடும். காலையில் வேகவைத்தது ஆதலால் ஆறித்தான் இருந்தது. தோல் உரித்துக் கட்டியில்லாமல் மசித்தேன். வெங்காயத்தை எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கிப் பிழிந்து போட்டேன். பெரிய துண்டாக இருந்தால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை, எஸ்டேட் மிளகை ஒன்றிரண்டாக இடித்தது, அரை மூடி எலுமிச்சை, ஒரு முட்டை. உப்பை மட்டும் கடைசியில், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். டின்னில் ஏற்கெனவே உப்பு இருக்கும்.

ரஸ்க்கைக் காகிதத்தில் மடித்து, மேலே பாட்டிலை உருட்டி நொறுக்கினேன். இரண்டு கைப்பிடி கலவையில் சேர்த்தேன், மிச்சத்தைத் தட்டில் பரப்பினேன். கலவையை மூடிக் கால் மணி நேரமாவது வைக்க வேண்டும். ரஸ்க் ஈரத்தை இழுத்துக்கொண்டால்தான் கையில் நிற்கும். அந்த நேரத்தில் முன்னறையில் டிரைவர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"குடிக்கறதில்லைங்க, பீடி சிகரெட் இல்லைங்க. பேச்சும் இல்லைங்க."

"பேச்சு இல்லைன்னா எப்படிங்க? ஊமையா?" என்றார் சின்னம்மா.

"சம்சாரம் பேசறதைக் கேக்க ஆள் வேணுமில்லீங்களா?"

"அதுஞ் சரிதான். எங்க ஊட்டுக்காரரு பேசுனது போதும் ஏழு சென்மத்துக்கு."

கையில் தண்ணீர் தொட்டு உருட்டி, விரல் கனத்துக்குத் தட்டி, ரஸ்க் தூளில் புரட்டினேன். கல்லில் எண்ணெய் நிறைய வேண்டாம், அடி நனைய இருந்தால் போதும். தீயைக் குறைத்து ஆறு ஆறாகப் போட்டேன். ஓரம் சிவந்து கல்லை விட்டுத் தானாக இளகும்வரை திருப்பக் கூடாது. முதல் தடவை நான் கெடுத்தது அந்த அவசரத்தில்தான். இந்தத் தடவை ஒன்றுகூட உடையவில்லை. மணி நாலே கால்.

தட்டில் வைத்துக் காபியோடு கொண்டுபோய் வைத்தேன். சின்னம்மா ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இது என்னப்பா, மெத்துனு இருக்குது?"

"பங்களா கட்லெட்டுங்க. வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம்" என்றார் டிரைவர், வாய் நிறைய.

அண்ணன் நாலு சாப்பிட்டார். நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். சின்னம்மா மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பலாக்காயா சாமி? நாரு நாரா வருது. எங்க பாப்பாவுக்குச் சொல்லோணும், என்ன போட்டே?"

"டின் மீனுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

சின்னம்மா கடித்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார். "மீனா?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருடைய குணம். "அப்புறம் என்னங்க, கவிச்சியே தின்னாச்சு. கை நனைஞ்ச மாதிரிதானே. தேதியைக் குறிங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். "ஏனுங்க, என்ன வெளையாட்டு இது? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் செஞ்சீங்களா? பசியோட வந்தவங்களுக்குப் பலகாரம்னு மீனை வெச்சுட்டு, நாளைக்கு நாலு பேருகிட்ட, தின்னுட்டுப் போனாங்க, பொண்ணைக் குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்றதுக்கா?"

"அட, சும்மா சொன்னேனுங்க..."

"சும்மா சொல்ற காரியமாங்க இது? என் தங்கச்சி இன்னும் வாயைத் திறந்து ஒண்ணுஞ் சொல்லலை. அவளைக் கேக்காம நான் யாரு ஊட்லயும் கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்ட பிறகு வெளியே போய் அண்ணன் முன்னால் நின்றேன்.

"இது பங்களாவுல நாலு மணி டீக்குப் போடறதுங்க. இருபத்தஞ்சு வருசமாப் போடறேன். மீனுன்னே எனக்குத் தோணலைங்க. அம்மாவுக்குக் கை நடுங்குச்சு, ஊட்ல வேற ஒண்ணும் இல்லைங்க. தப்பு என்னோடதுதான். நீங்க தெரியாமத் தின்னீங்க. தெரியாமத் தின்னது கை நனைச்சது ஆவாதுங்க. உங்க தங்கச்சி வேண்டாம்னு சொன்னா, இதை வெச்சு நானும் பேச மாட்டேன், இவரையும் பேச விட மாட்டேனுங்க."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அண்ணன் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். "சரிங்க" என்றார். அந்தச் சரி எதற்கு என்று புரியவில்லை.

சின்னம்மா உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார்.

"தம்பி, தின்னது தின்னாச்சு. மிச்சம் மூணு கெடக்குது. காயிதத்துல மடிச்சுக் குடு. பஸ்ல மறுபடி கை ஆடுனா இவனையா திங்கறது?"

மடித்துக் கொடுத்தேன். டிரைவர் அவர்களை டவுனில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, லைன் முன்னால் வண்டியை நிறுத்தினார். "கெடுத்துட்டியேடா" என்றார். பிறகு, "நானுங் கெடுத்துட்டேன்" என்றார்.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த வாரம் முதலாளி குடும்பம் வந்திருந்தது. நாலு மணிக்கு வழக்கம்போல் கட்லெட் கேட்டார்கள். டின்னைத் திறந்தபோது மீன் வாடை மூக்கில் அடித்தது. அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. கட்லெட் நன்றாகவே வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காபிப் பழம் உலர்த்தும் களத்தருகே டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டு, போனை என் காதில் வைத்தார். சின்னம்மா.

"தம்பி, பஸ்ல நான் தூங்கிப்போயிட்டேன். அந்தப் பொட்டணம் பையிலயே கெடந்துச்சு. ஊட்டுக்கு வந்து இவன் நடந்ததெல்லாம் சொல்றான், நீ பேசுனதையுஞ் சொல்றான். அவ தையல் மிசின்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் எந்திரிச்சு வந்து பொட்டணத்தைப் பிரிச்சா. இவன் கத்தறான், 'அடியே, அது அந்த ஊட்டு மீனு'ன்னு. 'தெரியும்'ங்கறா. கையைக் கழுவிட்டு வந்து உக்காந்து மூணையும் தின்னுட்டா. மொளகு கொஞ்சந் தூக்கலாம்."

நான் டிரைவர் கையிலிருந்து போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இருக்கியா சாமி?"

"இருக்கேனுங்க."

"அன்னிக்கே கூப்புட்டிருப்பேன். இவனுக்கு மனசு ஆற எட்டு நாள் ஆச்சு. வர்ற ஞாயித்துக்கெழம வர்றோம். சோறு ஆக்கி வை. காய்கறி போதும். டின்னு கின்னு ஒடைச்சே, அப்புறம் நானே சும்மா இருக்க மாட்டேன்."

"சரிங்க" என்றேன். போனை வாங்கிக்கொண்ட டிரைவர், "அன்னிக்கு வாசல்ல நின்னு பேசுனது நீதானாடா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பீன்ஸ் பொரியல், பருப்பு, ரசம், சௌசௌ கூட்டு செய்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பாயசம் வைத்தது. அண்ணன் வாசலுக்குப் போய்க் கையை நீட்டினார். நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். அவசரமில்லாமல் இரண்டு கையையும் கழுவினார், துண்டு கேட்டு வாங்கித் துடைத்தார், உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை ரசம் கேட்டார். கல்யாணம் தையில்.

இதை எழுதி முடித்த நாள்: மார்கழி பன்னிரண்டு, சனிக்கிழமை.